முனை மழுங்கிய மரையாணியும் அறப் பொறுப்பும்

அறவியல் நூல்கள் எடுத்தாளும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெரியன. கொலை, பொய்ச்சாட்சி, போர், கவிழும் படகில் யாரைக் காப்பது என்னும் இக்கட்டு ஆகியன அவற்றிலே மீண்டும் மீண்டும் வருகின்றன. இத்தகைய நிலைமைகளை நம்மிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொள்வதில்லை. நாள்தோறும் கைகள் செய்யும் சிறு வேலைகளுக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு என்பது பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை. கைவேலையைப் படித்தவனின் சிந்தனைக்கு அப்பாற்பட்டதாகக் கருதிய பழைய மனப்பான்மையே இதற்குக் காரணமாகலாம். இக்கட்டுரை அத்தகைய சிறு வேலையொன்றை எடுத்துக்கொள்கின்றது. துருவேறி இறுகி, தலையின் முனைகள் தேய்ந்து உருண்டுபோன ஒரு மரையாணியை வாகனத்திலிருந்து கழற்றுவதே அவ்வேலை. கராஜிலே அதனைப் போல்ட் என்பர். 'தலை ரவுண்டாகிப் போச்சு' என்று அதன் நிலையைக் கூறுவர். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் வாகனச் சொந்தக்காரரின் முகம் மாறுவதைக் கண்டவர்கள், இது சிறு விடயம் என்று எளிதில் ஒதுக்கிவிடமாட்டார்கள்.

தலவாக்கலையை இதற்குக் களமாகக் கொள்வது பொருத்தமுடையது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், கொத்மலை ஓயாவின் கரையில், ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த நகரம் அது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அங்கு நாட்கணக்கில் எதுவும் முற்றாக உலர்வதில்லை; மழை ஓய்ந்தாலும் மூடுபனி விடுவதில்லை. நகரிலிருந்து தோட்டங்களுக்கு ஏறும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் கொழுந்து லொறிகளும் சேற்றையும் தண்ணீரையும் தம் அடிப்பாகத்தில் வாங்கிக்கொண்டே ஓடுகின்றன. இரும்பு துருவாக மாறும்போது அது முன்னர் அடைத்த இடத்திலும் இரண்டு மடங்குக்கு மேலான இடத்தை அடைக்கின்றது. மரைகளுக்கு நடுவே உள்ள நூலளவு இடைவெளியில் அத்துரு புகுந்து ஆப்புப்போல் இறுகுகின்றது. ஆகவே பூட்டியவன் எவ்வளவு பலத்தோடு பூட்டினான் என்பது சில ஆண்டுகளின் பின் பொருட்டன்று. மழை அவனைவிடப் பலமாகப் பூட்டிவிடுகின்றது.

இனி அம்மரையாணியின் தலையைச் சற்று நெருங்கி நோக்குவோம். அது ஓர் அறுகோணம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 12 மில்லிமீற்றர் கொண்ட தலையில், எதிரெதிர் முனைகளுக்கு இடையே 13.86 மில்லிமீற்றர் இருக்கும். அதாவது, உள்ளே அடங்கும் வட்டத்துக்கு வெளியே ஒவ்வொரு முனையும் நீட்டிக்கொண்டிருப்பது 0.93 மில்லிமீற்றர் மாத்திரமே. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இந்த நீட்சிதான் அறுகோணத்தை வட்டத்திலிருந்து வேறுபடுத்துகின்றது. அது தேய்ந்தால் ஸ்பேனருக்குப் பிடி இல்லை. வாகனத்தின் பெறுமதி பல இலட்சமாக இருக்கலாம். அதனைத் திருத்த முடியுமா முடியாதா என்பதை இந்த 0.93 மில்லிமீற்றர் தீர்மானிக்கின்றது.

முனைகள் ஏன் தேய்கின்றன? பலத்தாலே என்று பலர் நினைப்பர். பலத்திலும் பார்க்கப் பொருந்தாமையே பெரிய காரணம். இங்கு வரலாறு குறுக்கிடுகின்றது. 1841 ஆம் ஆண்டில் ஜோசப் விற்வேத் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், பிரித்தானியப் பட்டறைகள் பலவற்றிலிருந்து மரையாணிகளைச் சேகரித்து, அவற்றுக்குப் பொதுவான ஓர் அளவுமுறையை முன்வைத்தார். அவருக்கு முன் ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் நட்டுக்குப் பொருந்துவது தற்செயலே. தேயிலைத் தொழிற்சாலைகளின் உருளைகளோடும் உலர்த்திகளோடும் அந்த அளவுமுறையும் மலையேறி வந்தது. (தோட்டத்து மக்கள் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்று அழைக்கும் வழக்கம்போல, அதன் ஸ்பேனர்களும் பழைய பெயர்களையே நெடுங்காலம் தாங்கி நின்றன.) பின்னர், இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் ஆணிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது தொல்லை கொடுத்ததன் விளைவாக, 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் பொதுவான மரை ஒன்றுக்கு இணங்கின. மூன்று நாடுகள் தம் ஆணிகள் எங்கும் செல்லுபடியாக வேண்டும் என்று உடன்பட்ட அதே ஆண்டில்தான், இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் தேயிலை மலைகளின் பெருந்தொகையான மக்களை எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்னும் நிலைக்குத் தள்ளியது என்பது ஒரு புறம் இருக்கட்டும். 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. அவற்றோடு 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் என்னும் மூன்றாவது குடும்பமும் வந்து சேர்ந்தது.

இவ்வாறு ஒரே பெட்டிக்குள் மூன்று காலங்களின் ஸ்பேனர்கள் கிடக்கின்றன. 1/4 என்று பொறிக்கப்பட்ட விற்வேத் ஸ்பேனரின் வாய் 1/4 அங்குலம் அன்று. அந்த எண் ஆணித் தண்டின் விட்டத்தைக் குறிப்பது, வாயின் அகலமோ 0.525 அங்குலம். இதனை அறியாதவன் எண்ணை நம்பி ஏமாறுவான். 1/2 அங்குல ஸ்பேனரின் வாய் 12.7 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர்த் தலையில் அது எளிதாக ஏறும். ஏறுவதுதான் ஆபத்து. 0.7 மில்லிமீற்றர் தளர்ச்சியினால் ஸ்பேனர் ஆறு பாகை வரையில் வெறுமனே சுழன்று, அதன் பின்னரே தலையைத் தொடும்; தொடும்போது பக்கங்களைத் தொடாமல் முனைகளைத் தொடும். முழுப் பலமும் அந்த மெல்லிய முனைகளில் விழுகின்றது. சற்றும் ஏறாத ஸ்பேனர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஏறத்தாழப் பொருந்துவதே அழிவைச் செய்கின்றது.

1904 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது அயல் நகரங்களிலிருந்து விரைந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் அந்நகரின் நீர்க்குழாய்களிற் பொருந்தாமற் போயின என்பது பொருந்தாமை பற்றிய புகழ்பெற்ற கதை. ஆனால் பால்டிமோரில் பொருந்தாமை உடனே தெரிந்தது. நம்முடைய மரையாணியில் அது தெரிவதில்லை. தவறான ஸ்பேனரைப் போட்டவன் முதல் முறை அழுத்துகின்றான், ஆணி கழல்கின்றது, வேலை முடிகின்றது, வாகனம் ஓடுகின்றது. முனையில் ஒரு நூலில் ஒரு பங்கு போய்விட்டது. அதனைக் கண்ணாலே காண முடியாது. அடுத்த ஆண்டு இன்னொருவர், இன்னொரு ஸ்பேனர். பன்னிரண்டு முனைகொண்ட ரிங் ஸ்பேனர் ஆறுமுனை கொண்டதை விடக் குறைவாகவே தலையைப் பற்றுகின்றது. அதுவும் தன் பங்குக்குச் சிறிது தேய்க்கின்றது. ஐந்தாவது ஆண்டிலோ பத்தாவது ஆண்டிலோ ஒருவன் மிகச் சரியான 12 மில்லிமீற்றர் ஸ்பேனரை மிகச் சரியாகப் போட்டு அழுத்துகின்றான். அது வழுக்கி ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. அப்போதுதான் சொந்தக்காரர் கேட்கின்றார்: 'நீ கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?'

இவ்வினாவே இக்கட்டுரையின் மையம். அம்மரையாணியை அழித்தவர் யார்?

கிரேக்கத் தருக்கவியலார் இதனோடு தொடர்புடைய ஒரு புதிரை அறிந்திருந்தனர். கி.மு. நான்காம் நூற்றாண்டினரான யூபுலிடீசின் பெயரோடு அது இணைத்துப் பேசப்படும். ஒரு தானியக் குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியலாகவே இருக்கும். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்த ஒரு மணியை எடுத்தபோது அது குவியல் அல்லாததாயிற்று? அறுகோணம் எந்தத் தேய்மானத்தில் வட்டமாயிற்று என்று கேட்பதும் அதுவே. தருக்கவியலாருக்கு இது சொற்களின் தெளிவின்மை பற்றிய புதிர். கராஜில் இது பணம் பற்றிய வழக்கு. யாரேனும் ஒருவர் அந்தச் செலவைத் தாங்கியே ஆகவேண்டும்.

அண்மைக் கால அறவியலாளருள் டெரெக் பாஃபிட் 1984 இல் வெளியிட்ட நூலொன்றில் ஆயிரம் கொடியவர்களைக் கற்பனை செய்தார். ஒவ்வொருவனும் ஒரு பொத்தானை அழுத்துகின்றான். அதனால் வதைபடுவோர் ஒவ்வொருவரின் வேதனையும் உணர முடியாத அளவு மாத்திரம் கூடுகின்றது. ஆயிரம் பேர் அழுத்தி முடிக்கும்போது வேதனை தாங்கவொண்ணாததாகின்றது. ஒவ்வொருவனும் 'என்னால் எவருக்கும் உணரத்தக்க தீங்கு நேரவில்லை' என்று வாதிடலாம். அவ்வாதம் பிழை, செயல்களின் தொகுதியை நோக்கியே தீர்ப்புக் கூறவேண்டும் என்பது பாஃபிட்டின் கருத்து. இது வலுவான கருத்தே. எனினும் நம்முடைய மரையாணிக்கு அது முழுதும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. பாஃபிட்டின் கொடியவர்கள் வதைக்க எண்ணியே பொத்தானை அழுத்துகின்றனர். மரையாணியைத் தேய்த்தவர்கள் அனைவரும் திருத்த எண்ணியவர்கள். அதனினும் முக்கியமானது, அவர்கள் ஒவ்வொருவரும் வெற்றி பெற்றவர்கள். அவர்கள் கை வைத்தபோது ஆணி கழன்றது. செயலின் நன்மை தீமையை விளைவைக்கொண்டு அளப்போம் என்னும் கொள்கை இங்கே தடுமாறுகின்றது. ஏனெனில் தவறு செய்த அத்தனை பேருக்கும் நல்ல விளைவு கிடைத்தது. தவறு செய்யாத கடைசி ஒருவனுக்குத்தான் தீய விளைவு வாய்த்தது.

ஆகவே முந்திய கைகள் குற்றமுடையன என்று முடித்துவிடலாமா? அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். அந்தக் கைகளில் அந்த ஸ்பேனரைக் கொடுத்தவர் யார்? 12 மில்லிமீற்றர் ஸ்பேனர் பெட்டியில் இல்லாதிருக்கலாம். வாங்கித் தருமாறு கேட்டபோது இருப்பதை வைத்துச் செய் என்று பதில் வந்திருக்கலாம். வான் அரை மணிக்குள் வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்ற வேண்டும் என்று சொந்தக்காரரே நெருக்கியிருக்கலாம். கருவி தராமல் வேலையைக் கேட்பதும், பின் வேலையில் ஏற்பட்ட பழுதுக்குக் கைகளைக் குறை சொல்வதும் மலையகத்தார் நன்கு அறிந்த ஒழுங்குதான். தொழில் செய்பவனின் நேர்மையை மாத்திரம் பேசி, அவனுக்கு நேர்மையாகத் தொழில் செய்ய வேண்டிய கருவியைப் பற்றிப் பேசாத அறவுரை அரைகுறையானது. இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது; ஏனெனில் உழைப்பின் மேன்மை பற்றிய நம் மேடைப் பேச்சுகளில் ஸ்பேனரின் விலை வருவதேயில்லை.

இப்போது கடைசிக் கைக்கு வருவோம். மலைநாட்டில் அவரைப் 'பாஸ்' என்று அழைப்பர்; ஒல்லாந்தரின் சொல் அது, அவர்கள் போய் இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் கைவினையாளரின் மரியாதைப் பெயராக நின்றுவிட்டது. அவர் வானின் கீழே படுத்திருக்கின்றார். தேய்ந்த தலை கண்ணுக்கு நேரே இருக்கின்றது. அதனை அப்படியாக்கியவர் அவர் அல்லர். ஆனால் இனி நடப்பதற்கு அவரே பொறுப்பு. அவர் முன்னே பல வழிகள் உள்ளன. அவ்வழிகளின் ஒழுங்கில் ஓர் அறம் மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது.

முதலில் கம்பித் தூரிகையாற் துருவைத் துடைத்து, மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து மரையின் வாயில் விட்டு, ஓர் இரவு விட்டுவிடலாம். இதனால் எதுவும் கெடுவதில்லை. தலையின்மேல் சுத்தியலால் நேராகத் தட்டலாம். அதிர்ச்சியில் துருவின் பிடி உடையும், எண்ணெய் உள்ளே இறங்கும். கழற்றும் திசைக்கு முன், இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பார்க்கலாம். இது அனுபவமற்றவருக்கு வியப்பாக இருக்கும். ஆயினும் துருவுக்குத் திசை தெரியாது, எந்தப் பக்கம் அசைந்தாலும் அது உடைகின்றது. அடுத்தது நெருப்பு. 10 மில்லிமீற்றர்த் துளையைச் சுற்றியுள்ள இரும்பை 300 பாகை சூடேற்றினால் துளை 0.036 மில்லிமீற்றர் விரியும். மயிரிழையிற் பாதியளவு என்று கொள்ளலாம். துருவின் பிடியைத் தளர்த்த அது பெரும்பாலும் போதும். ஆனால் பக்கத்தில் இரப்பர் உறையோ பெற்றோல் குழாயோ இருந்தால் நெருப்புக்கு இடமில்லை. அதன் பின்னரே தலையின் உருவத்தை மாற்றும் வழிகள் வருகின்றன: தலையைவிடச் சற்றுச் சிறிய சொக்கட்டை அடித்து ஏற்றுதல், அரத்தால் இரு பக்கங்களை அராவிப் பிடிகுறட்டால் பற்றுதல், உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துச் சுற்றுத் திசையில் அடித்தல், ஒரு நட்டைத் தலையின்மேல் வைத்து வெல்டிங் செய்து புதிய தலை ஒன்றை உண்டாக்குதல். இவை யாவும் பயன்படாவிட்டால் தலையை வெட்டி, தண்டின் நடுவே துளையிட்டு, இடமரை கொண்ட கழற்றியை உள்ளே செலுத்த வேண்டும். அந்தக் கழற்றி மிகக் கடினமான உருக்கினால் ஆனது. கடினமானது ஆதலின் எளிதில் முறியும். துளைக்குள் முறிந்துவிட்டால் அதனைத் துளைக்கச் சாதாரணத் துளைமுனை எதுவும் உதவாது. அதன் பின் முழு உறுப்பையுமே மாற்ற நேரலாம்.

இவ்வொழுங்கில் ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படிகளைவிடத் திரும்பிவரக் கடினமானது. எண்ணெய் விட்டபின் நெருப்பை நாடலாம். தலையை வெட்டியபின் ஸ்பேனரை நாட முடியாது. அறிந்த பாஸ், திரும்பக்கூடிய வழிகள் தீரும்வரை திரும்ப முடியாத வழியிற் கால் வைப்பதில்லை. அறியாதவனும் அவசரக்காரனும் செய்வது வேறு. ஸ்பேனரின் கைப்பிடி 20 சென்ரிமீற்றர். அதிலே ஒரு மீற்றர் நீளமான குழாயை மாட்டித் தொங்கினால் பலம் ஐந்து மடங்காகும். குழாயின் முனையில் நிற்பவனுக்கு ஆணியின் செய்தி எதுவும் எட்டுவதில்லை. குறுகிய கைப்பிடியில் இருக்கும் கை, ஆணி கழலப்போகும் கணத்தில் 'டக்' என்னும் சிறு விடுபடலையும், முறியப்போகும் கணத்தில் மெழுகுபோல் நெகிழும் தன்மையையும் வேறுபடுத்தி அறியும். இவ்வேறுபாட்டை எழுத்தில் விளக்குவது அரிது. கில்பட் ரைல் 1949 இல் வெளிவந்த தம் நூலில், ஒன்றை அறிதலையும் ஒன்றைச் செய்ய அறிதலையும் வேறுபடுத்தி, பின்னதை முன்னதாகச் சுருக்கிவிட முடியாது என்று வாதித்தார். அவ்வாதத்துக்குக் குழாய் மாட்டாத ஸ்பேனரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. வள்ளுவரும் வலியறிதலைப் பேசுமிடத்து வண்டியின் அச்சையே உவமையாக எடுத்தார்: ஏற்றப்படுவது மயிலிறகே ஆயினும் அளவு கடந்தால் அச்சுத் தாங்காது. தன் வலியை அறிதல் என்பதில் தன் வலி எதனை முறிக்கும் என்று அறிதலும் அடங்கும்.

இவ்விடத்தில் ரொபேட் பேர்சிக் என்னும் அமெரிக்கரைக் குறிப்பிடாமல் விடுவது முறையன்று. மோட்டார் சைக்கிளைப் பராமரிக்கும் கலையையும் சென் நெறியையும் இணைத்து அவர் 1974 இல் வெளியிட்ட நூல், பிளவு சிதைந்து கழல மறுத்த ஓர் ஆணியைப் பற்றிப் பல பக்கங்கள் சிந்திக்கின்றது. சில சதம் பெறும் அந்த ஆணி கழலாத வரையில் முழு வாகனத்தின் விலையும் அந்த ஆணியிலேயே தங்கிவிடுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. அந்த முட்டுக்கட்டையை எரிச்சலோடு நோக்காமல், புதிய அறிவு பிறக்கும் இடமாக நோக்கும்படி அவர் கூறுகின்றார். மிக நல்ல கூற்று. ஆனால் பேர்சிக்கின் சிந்தனையில் இருப்பவர் ஒருவர் மாத்திரமே: தன் சொந்த வாகனத்தின் முன் தனித்து அமர்ந்திருப்பவர். காலம் அவருடையது, வாகனம் அவருடையது, இழப்பும் அவருடையது. தலவாக்கலைப் பாஸுக்கு அந்தத் தனிமை வாய்ப்பதில்லை. வாகனம் இன்னொருவருடையது, பழுது இன்னொருவர் செய்தது, பொறுமையாக ஓர் இரவு எண்ணெய் ஊற விடுவதற்குரிய காலம்கூட அவருடையது அன்று, அதனை அவர் வான்காரரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

கேட்டுப் பெறுவதே இங்கு முதல் அறம். 'அண்ணே, இத முந்தியே யாரோ நாசமாக்கிட்டாங்க. காய்ச்சிப் பாக்கிறேன். கழன்டா நல்லது. முறிஞ்சா துளை போட்டுத்தான் எடுக்கணும், ரெண்டு நாள் புடிக்கும். சரின்னா சொல்லுங்க' என்று கை வைக்கும் முன் சொல்பவருக்கும், முறிந்தபின் வந்து சொல்பவருக்கும் வேறுபாடு பெரிது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. முன்னவர் வான்காரரைத் தீர்மானத்திற் பங்காளியாக்குகின்றார். பின்னவரின் சொல் உண்மையாகவே இருந்தாலும் சாக்குப்போக்காகவே கேட்கும்.

ஆணி கழன்றுவிட்டது என்று கொள்வோம். பலர் இத்தோடு விடயம் முடிந்தது என்பர். உண்மையில் அறத்தின் கடினமான பகுதி இனித்தான் தொடங்குகின்றது. நான்கு ஆணிகள் உள்ள இடத்தில் மூன்றைப் பூட்டி ஒன்றை விட்டுவிடலாம், வாகனம் ஓடும். மரை பொருந்தாத வேறோர் ஆணியைப் பலவந்தமாக ஏற்றிவிடலாம், அதுவும் ஓடும். தேய்ந்த ஆணியையே மீண்டும் பூட்டிவிடலாம். வாகனத்தின் அடியில் நடந்ததை எவரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. அணிந்தவரை மறைக்கும் மோதிரம் ஒன்று கிடைத்தால் எவன்தான் நேர்மையாக இருப்பான் என்று பிளேட்டோவின் உரையாடலில் ஒரு கேள்வி எழுகின்றது. அந்த மோதிரத்தை அணிந்துகொண்டே வேலை செய்பவர்கள் வாகனம் திருத்துவோர். அவர்களின் நல்வேலையும் தீவேலையும் இரும்பின் உள்ளே மறைந்திருக்கின்றன.

கைம்மாறு கருதி நேர்மை செய்யலாம் என்பார்க்கு இங்கே பிடி கிடைப்பதில்லை. புதிய ஆணியைப் போட்டு, மரையில் சிறிது கிறீஸ் தடவி, உரிய அளவுக்கு மாத்திரம் இறுக்குகின்ற பாஸ் அதனாற் பெறும் இலாபம் எதுவுமில்லை. அந்தக் கிறீஸின் பயன் எட்டு ஆண்டுகளுக்குப் பின், பெயர் தெரியாத ஊரில், பெயர் தெரியாத ஒருவரின் கைக்குக் கிடைக்கும். அவர் இவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை, சொல்லவும் முடியாது. இருப்பினும் இத்தொழிலில் உள்ளோர், பத்து ஆண்டுத் துருவின் நடுவே ஒரு மரையாணி சற்றும் எதிர்ப்பின்றிக் கழல்வதைக் கண்டால், கிறீஸின் கறுப்பு விரலில் ஒட்டக் கண்டால், 'யாரோ புண்ணியவான்' என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லை நான் பெரிதாக மதிக்கின்றேன். முந்திய கையின் தீங்கை நாம் உடனே காண்கின்றோம், அது நம்மைத் தடுக்கின்றது. முந்திய கையின் நன்மையையோ காண்பதேயில்லை, அது வழிவிட்டு ஒதுங்கிவிடுகின்றது. எனவே முன்னிருந்தோர் பற்றிய நம் தீர்ப்பு எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். நன்றாகக் கழன்ற ஆயிரம் ஆணிகளை எவரும் எண்ணி வைப்பதில்லை.

தோட்டங்களை அறிந்தவர்கள் இதற்குள் வேறொன்றையும் எண்ணியிருப்பர். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975 ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் தனியாரிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்கத்தில் அது ஐந்து ஆண்டு ஒப்பந்தமாகவே இருந்தது, நீண்டகாலக் குத்தகை பின்னரே வந்தது. புதிதாக நடப்படும் தேயிலை முழுப் பலன் தருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஐந்து ஆண்டில் விலகக்கூடிய கை அதனை எதற்காக நடவேண்டும்? லயன் அறைகளின் கூரைத் தகரங்களும் இவ்வாறே கைமாறிக் கைமாறி வந்தன. ஒவ்வொரு நிருவாகமும் முந்தியதைக் குறை கூறிற்று, அக்குறை பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. ஒவ்வொன்றும் தன் காலத்துக்குப் போதுமான ஒட்டை மாத்திரம் போட்டது. இவ்வொப்புமையை இதற்கு மேல் நீட்டுவது சரியன்று. ஆணிக்கு வலி இல்லை. லயன் அறையில் மழை ஒழுகும் இரவில் உறங்குபவர்களுக்கு உண்டு. ஆணி காத்திருக்கும். பிள்ளைகள் காத்திருக்கமாட்டார்கள், வளர்ந்துவிடுவார்கள்.

'யார் செய்தது என்பது பொருட்டன்று, இனி நடப்பதைப் பார்ப்போம்' என்னும் கூற்றும் இங்கே ஆராயத்தக்கது. கேட்பதற்குப் பெருந்தன்மையாகத் தோன்றும் இக்கூற்று, தவறான கருவியைக் கொடுத்தவரையும் சேர்த்தே காப்பாற்றிவிடுகின்றது. கோபம் வேண்டாம், பதிவு வேண்டும். எந்த இயந்திரத்தில் எந்த நாளில் எந்த அளவு ஸ்பேனரால் எது கழற்றப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், கடைசிக் கையின்மீது வந்து விழும் பழியை அதன் உரிய இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். சிறு கராஜுகளில் அத்தகைய குறிப்பேடு இருப்பது அரிது. ஆதலின் அங்கே நினைவே சாட்சி. நினைவோ கடைசியாகக் கண்ட முகத்தையே குற்றவாளியாக்கும்.

இறுதியாக ஓர் இக்கட்டு எஞ்சுகின்றது. அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. வான்காரர் புதிய ஆணிக்குச் சம்மதிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரியான அளவில் அது நகரத்துக் கடைகளில் இல்லை, வருவிக்க நாளாகும், அவர் கையிலும் பணமில்லை. பழையதையே போடும்படி அவர் கேட்கின்றார். அவர் ஏழையாகவும் இருக்கலாம், நாளைக் காலை ஓட வேண்டியவராகவும் இருக்கலாம். அவருடைய வாகனம், அவருடைய உரிமை. ஆனால் பின்னர் வரும் கைக்கு அவர் சார்பாகப் பேச உரிமை உண்டா? மறுத்துவிட்டால் அவர் இன்னொரு கராஜுக்குப் போவார். அங்கே எதுவும் கேட்காமற் பூட்டிக் கொடுப்பார்கள். பாஸ் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மரை கெடாதிருந்தால், உருண்ட தலையை அரத்தால் அராவி, 12 மில்லிமீற்றரை 11 ஆக்கி, ஆறு பக்கங்களை மீண்டும் உண்டாக்கலாம். அரை மணிநேர வேலை. அதற்குரிய கூலியைக் கேட்பதா விடுவதா என்பது அவர் முடிவு. ஆயினும் அடுத்து வருபவர் ஜப்பானிய வான் என்று கண்டு 12 ஐயே எடுப்பார். அது எளிதாக ஏறும். எளிதாக வழுக்கும். எனவே பூட்டுவதற்கு முன், தலையின் மேற்பரப்பில் உளிமுனையால் பக்கம் பக்கமாக இரண்டு நேர்க்கோடுகளைக் கொத்தி, துரு மூடாதபடி அதன்மேற் சிறிது கிறீஸ் பூசிவைக்கலாம். ஹற்றனிலோ நாவலப்பிட்டியிலோ ஒருவர் அந்த வானின் கீழ்ப் படுத்துத் துணியால் அதனைத் துடைக்கும்போது, 11 என்று அவர் வாசித்துக்கொள்ளக்கூடும்.